பிளேட் இல்லாத மோட்டாருக்கு வேகம் சொன்னவருக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த மடலை உங்கள் கடைக்கு அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் வந்து நன்றி சொன்னால் "அட, அதுக்கென்னங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேட்டரைத் தூக்கி மேசையில் வைத்துவிடுவீர்கள். பேச்சு அதோடு முடிந்துபோகும். அச்சில் வந்துவிட்டால் அப்படித் தள்ளிவிட முடியாதல்லவா? உங்கள் பெயரை எழுதவில்லை. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று சந்துக்குச் சந்து மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் இருக்கின்றன. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா மகன் சமீபத்தில் போன் செய்தான். மாவு மில்லுக்காகப் பழைய இரும்புக் கடையில் ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார் வாங்கியிருக்கிறான். நேம் பிளேட் இருந்த இடத்தில் ரிவிட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரியாமல் புல்லிக்கு அளவு சொல்ல முடியவில்லை. 1440இல் ஓடும் மோட்டாரில் 3 அங்குலப் புல்லி போட்டு, மில்லில் 6 அங்குலப் புல்லி போட்டால் அங்கே 720 கிடைக்கும். அதே மோட்டார் 2880 ஆக இருந்துவிட்டால் மில்லின் கல்லும் 1440இல் சுற்றும். அது மாவுக்கும் ஆகாது, பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் ஆகாது. டேக்கோமீட்டர் வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தில் யாருமில்லை. போனிலேயே வழி சொன்னேன். ஒரு சாக்பீஸும், பழைய செம்புக் கம்பிச் சோக் போட்ட ட்யூப்லைட்டும் போதுமானதாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவனே "நாலு போல், அண்ணா" என்றான். பிறகு ரொம்ப நன்றி என்றான். அந்த நன்றி எனக்கு வந்து சேர வேண்டியதல்ல. உங்களுக்குச் சேர வேண்டியதை உங்களிடம் சேர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நூற்பாலையில் மின்பராமரிப்பு வேலையில் நான் சேர்ந்த புதிதில், எரிந்துபோன மோட்டார்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு உங்கள் கடைக்கு வருவேன். டிப்ளமாவில் படித்த சூத்திரம் மனப்பாடம்: 120ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, போல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நீங்கள் அந்தச் சூத்திரத்தைத் தொடவே இல்லை. பழைய வார்னிஷைச் சுரண்டிக்கொண்டே சொன்னீர்கள்: "கரண்டு ஒருக்கா ஏறி இறங்குறதுக்குள்ள காந்தம் ஒரு வடக்கு, ஒரு தெற்குன்னு ரெண்டு போலைத் தாண்டிருமுங்க. நொடிக்கு அம்பது தடவைன்னா நூறு போல். நிமிசத்துக்கு ஆறாயிரம். அதை வட்டத்துல எத்தனை போல் இருக்குதோ அத்தனையால வகுத்துக்கோங்க." அவ்வளவுதான். புத்தகத்தின் 120க்குள் ஒளிந்திருந்த 60 நொடியும் இரண்டு துருவமும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரிந்தன. இன்று பாலிடெக்னிக்கில் நான் பாடம் எடுக்கும்போது 120ஐக் கடைசியில்தான் எழுதுகிறேன். முதலில் எழுதுவது உங்கள் ஆறாயிரம்.

இரண்டு போலுக்கு 3000, நாலுக்கு 1500, ஆறுக்கு 1000, எட்டுக்கு 750. இடையில் எதுவும் கிடையாது என்பதை நீங்கள் அழுத்திச் சொன்னீர்கள். போல்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்க முடியும். மூன்று போல் தூண்டல் மோட்டார் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆகவே நம் ஊர்க் கரண்டில் நேராக ஓடும் தூண்டல் மோட்டாருக்கு 2000 ஆர்.பி.எம். என்று யாராவது சொன்னால், நடுவில் பெல்ட்டோ கியரோ இருக்க வேண்டும், அல்லது அதிர்வெண்ணை மாற்றித் தரும் டிரைவ் ஒன்று முன்னால் இருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் சொல்பவர் மோட்டாரைப் பார்க்காமல் பேசுகிறார். வேகத்தைத் துல்லியமாக அளக்கத் தேவையே இல்லை. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்ற நிம்மதி அந்த வரிசையில் இருக்கிறது.

அசையாத ஸ்டேட்டருக்குள் காந்தம் எப்படிச் சுற்றும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உங்கள் பக்கத்து வள்ளி கும்மியைத்தான் காட்டுகிறேன். வட்டமாக நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, கைதட்டு மட்டும் ஒருவர் விட்டு அடுத்தவருக்கு நகர்ந்தால், தட்டும் ஓசை வட்டம் சுற்றிவரும். மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடுவதால் காந்தத்தின் உச்சமும் அப்படியே காயில் விட்டுக் காயில் நகர்கிறது.

இந்தச் சுழல்காந்தப் புலத்தை 1888இல் இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸும் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லாவும் ஒருவரையொருவர் சாராமல் வெளியிட்டார்கள். மூன்று ஃபேஸில் ஓடும் கூண்டு ரோட்டார் மோட்டாரை அடுத்த ஆண்டே ஜெர்மனியில் மிகயில் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி செய்துவிட்டார். டெஸ்லாவின் காப்புரிமையை வாங்கிய வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் மின்சாரம் அந்தக் காலத்தில் நொடிக்கு 133 சுற்று. உங்கள் கணக்குப்படி பார்த்தால் இரண்டு போல் மோட்டாருக்கு ஏறக்குறைய 8000 ஆர்.பி.எம். வரும். அது சரிப்படவில்லை. அமெரிக்கா பின்னால் 60இல் நிலைகொண்டது, ஐரோப்பா 50இல். நம் ஊருக்கு வந்தது 50. மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பதில் பாதி அங்கே எப்போதோ முடிந்துவிட்டது. மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

அந்தக் கையைத்தான் சொல்ல வேண்டும். மூடியைக் கழற்றிய ஸ்டேட்டரைப் பார்த்ததும் நீங்கள் பல்லை எண்ணுவீர்கள். 36 ஸ்லாட். பிறகு ஒரு காயிலின் இரு கால்களும் எங்கே இறங்குகின்றன என்று பார்ப்பீர்கள்: 1-8, 1-10, 1-12. நடுக் காயில் ஒன்பது ஸ்லாட் தாண்டுகிறது. 36இல் ஒன்பது நாலு முறை போகும். ஆகவே நாலு போல், 1500. மோட்டார் எரிந்து கரியாகியிருக்கும். அதற்குக் கரண்டு கொடுக்கவே முடியாது. ஆனாலும் அது உயிரோடு இருந்தபோது என்ன வேகத்தில் ஓடியது என்று சொல்லிவிடுவீர்கள். எனக்கு அது அன்றும் இன்றும் வியப்புதான். காரில் வேகம் என்பது ஓட்டும்போது உண்டாவது. மோட்டாரில் அது செம்புக் கம்பியை எந்த ஸ்லாட்டில் இறக்கி எந்த ஸ்லாட்டில் ஏற்றினார்கள் என்பதில், லெதராய்ட் பேப்பருக்கு நடுவில், முதல் நாளே கட்டிவைக்கப்பட்டுவிடுகிறது.

உடனே மூடியைக் கழற்ற வசதிப்படாத மோட்டாருக்கு நீங்கள் காட்டிய இன்னொரு வழி உண்டு. கரண்டை முழுவதும் துண்டித்து, டெர்மினல் பாக்சில் ஒரு ஃபேஸின் இரு முனைகளில் முள் மீட்டரை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு, ஷாஃப்டைக் கையால் மெதுவாக ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ரோட்டாரில் மிச்சம் ஒட்டியிருக்கும் காந்தம் முள்ளை இப்படியும் அப்படியும் அசைக்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை முழு ஆட்டமோ அத்தனை ஜோடி போல். டிஜிட்டல் மீட்டரில் இதைப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. நீண்ட காலம் ஓடாமல் கிடந்த மோட்டாராக இருந்தால் முள் அசையாமலே இருந்துவிடுவதும் உண்டு. அப்போது மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் என் சித்தப்பா மகனுக்கு நான் சொன்னது மூன்றாவது வழி, உங்கள் சாக்பீஸ் வழி. இதை நீங்கள் பெரிய வித்தையாக நினைக்கவில்லை என்று தெரியும். நான் நினைக்கிறேன். மோட்டார் நிற்கும்போது ஷாஃப்டின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு கோடு. பிறகு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பழைய சோக் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓடவிட வேண்டும். அந்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஷாஃப்டுக்குத் தெரியும். நாலு போல் மோட்டார் நொடிக்கு ஏறக்குறைய 25 சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்குள் நாலு முறை வெளிச்சம் விழுகிறது. போட்ட ஒரு கோடு நாலு கோடாகத் தெரிகிறது. இரண்டு போல் என்றால் இரண்டு கோடு. ஆறு போல் என்றால் ஆறு. கணக்கே வேண்டாம். தெரியும் கோட்டை எண்ணினால் அதுதான் போல். விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே கரண்டு என்பதால் இந்த இசைவு வருகிறது; யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. நியான் டெஸ்டரின் சிவப்பு ஒளியில் கோடு இன்னும் கூர்மையாகத் தெரியும். இப்போது வரும் எல்.இ.டி. குழல்கள் பலவற்றில் இந்த மினுக்கல் கிடையாது. அந்த வெளிச்சத்தில் சாக்பீஸ் கோடு வெறும் வெள்ளை மங்கலாகத்தான் தெரிகிறது.

இதே மினுக்கல் ஆளைக் கொல்லவும் செய்யும் என்பதையும் அதே மூச்சில் சொன்னீர்கள். சுற்றும் லேத் சக் நிற்பதாகத் தெரியும், ஆள் கையை நீட்டிவிடுவான். அதனால்தான் பழைய பட்டறைகளில் லேத்துக்கு மேலே தனியாக ஒரு குண்டு பல்பு எரியும்.

அந்த நாலு கோடும் நிற்கவில்லை, கவனித்தீர்களா தம்பி என்று கேட்டீர்கள். மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. மோட்டார் முன்னே சுற்ற, கோடுகள் பின்னே போயின. அங்கேதான் புத்தகத்தின் சூத்திரம் முடிந்து உங்கள் பாடம் தொடங்கியது.

ரோட்டாருக்கு எந்த வயரும் போவதில்லை. அலுமினியக் கம்பிகளைக் கூண்டாக வார்த்து வைத்திருக்கிறார்கள். காந்தம் அந்தக் கம்பிகளைக் கடந்து போனால்தான் அதில் கரண்டு பிறக்கும். கரண்டு பிறந்தால்தான் இழுவை. ரோட்டார் காந்தத்தின் வேகத்தை எட்டிப் பிடித்துவிட்டால் கடப்பது நின்றுவிடும், இழுவையும் போய்விடும், உடனே பின்தங்கும். ஆகவே தூண்டல் மோட்டார் கொஞ்சம் பின்தங்கியேதான் ஓட வேண்டும். அந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். காந்தம் 1500இல் சுற்ற, பிளேட்டில் 1440 என்று அடித்திருப்பது இதனால்தான். வித்தியாசம் 60, நூற்றுக்கு நாலு. 2880, 960, 720 எல்லாம் இதே கணக்கு. சுமை ஏதும் இல்லாமல் ஓடும்போது 1495க்கு மேலும் போகும்.

கோடுகள் பின்னே நகரும் வேகம் அந்த ஸ்லிப்பேதான். நிமிடத்தில் 20 கோடு கடந்து போனால், நாலால் வகுத்து, ஸ்லிப் 5, மோட்டார் 1495. முழுச் சுமையில் நொடிக்கு நாலு கோடு ஓடும், எண்ணுவது சிரமம். இதில் ஒரு நயம் இருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய டேக்கோமீட்டர் 1470 என்று காட்டினால், காந்தம் அந்த நேரத்தில் சரியாக 1500இல் சுற்றியதா, 1497இல் சுற்றியதா என்று அதற்குத் தெரியாது. மின்கட்ட அதிர்வெண் 49.9 ஆக இருந்தாலே 3 சுற்று போய்விடும். சாக்பீஸ் கோடு காந்தத்தோடு ஒப்பிட்டே நகர்வதால் அதற்கு அந்தக் குழப்பம் இல்லை. பட்டறையில் அதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

நூற்பாலைக்குத் திரும்பிப்போய் இதைச் சுமை பார்க்கப் பயன்படுத்தினேன். பிளேட்டில் 1440. ஓட்டத்தில் அளந்தால் 1476. முழுச் சுமைக்கு 60 பின்தங்க வேண்டியது 24தான் பின்தங்குகிறது; ஆகவே மோட்டார் நூற்றுக்கு நாற்பது சுமையில்தான் உழைக்கிறது. தேவைக்கு மேல் பெரிய மோட்டார்கள் எத்தனை ஓடுகின்றன என்று ஒரு ஷிஃப்டில் பட்டியல் போட்டுவிட முடிந்தது. பிளேட்டை அப்படியே நம்பக் கூடாது என்பதும் நீங்கள் சொன்னதுதான்: பிளேட்டில் அடித்த ஸ்லிப்பில் நூற்றுக்கு இருபது பங்கு வரை முன்பின்னாக இருக்கத் தரவிதிகளே இடம் கொடுக்கின்றன. வோல்டேஜ் குறைந்தாலும் ஸ்லிப் கூடும். ஆகவே இது தோராயம். ஆனால் கரண்டை மட்டும் பார்த்துச் சுமையைச் சொல்வதைவிட மேலான தோராயம், ஏனென்றால் சுமையே இல்லாமல் ஓடும் மோட்டாரும் கணிசமான கரண்டை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

விவசாயிகளுக்கு இதில் தனிக் கதை இருக்கிறது. தென் மண்டல மின்கட்டம் தட்டுப்பாட்டில் தவித்த ஆண்டுகளில் அதிர்வெண் 48க்கும் கீழே இறங்கும். 48இல் நாலு போலுக்குக் காந்தத்தின் வேகமே 1440தான். ஷாஃப்ட் அதிலிருந்தும் பின்தங்கும். பம்பில் நீர் ஏறும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 மீட்டர் ஏற்றிய பம்பு 92 மீட்டரோடு நின்றுவிடும். போர்வெல்லில் தண்ணீர் அந்த எட்டு மீட்டருக்குள் இருந்தால் மோட்டார் உறுமும், குழாயில் காற்றுத்தான் வரும். "மோட்டாரைச் சரியாகக் கட்டலை" என்று உங்கள் கடை வாசலில் வந்து சத்தம் போட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மைக் காரணம் மின்கட்டம் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் அவர்களிடம் சண்டை போட்டதில்லை. ஓட்டிக் காட்டி அனுப்புவீர்கள். 2003 ஜனவரியில் தென் மண்டலத்தில் மின்கட்டணத்தோடு அதிர்வெண்ணைப் பிணைத்த முறை வந்தபிறகு நிலைமை மாறியது. 2013 டிசம்பர் 31 அன்று தெற்கு நாட்டின் மற்றக் கட்டத்தோடு இணைந்தது. இன்று 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஆறாயிரம் இப்போது நாள் முழுக்க ஏறக்குறைய ஆறாயிரமாகவே இருக்கிறது.

அதே பம்புக் கணக்கு வேறொரு பக்கமும் கடிக்கிறது. மின்சாரம் மிச்சமாகும் என்று பழைய 1440 மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிய உயர்திறன் மோட்டார் போடுகிறார்கள். அதில் ரோட்டாரின் இழப்பு குறைவு என்பதால் ஸ்லிப்பும் குறைவு, 1465இல் ஓடும். விசிறியும் பம்பும் இழுக்கும் சக்தி வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. 25 சுற்று கூடியதற்கே நூற்றுக்கு ஐந்து பங்கு அதிகம் இழுக்கும். தண்ணீர் கூடுதலாக வரும், பில் குறையாது. புல்லியைக் கொஞ்சம் மாற்றினாலோ இம்பெல்லரைக் கடைந்தாலோ சரியாகிவிடும். இந்த ஒரு விஷயத்தை விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எல்லா மோட்டாரும் ஆறாயிரத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்றும் காட்டினீர்கள். சமையலறையில் கிரைண்டர் கட்டுப்படும், மிக்ஸி கட்டுப்படாது. நம் கரண்டில் நேராக ஓடும் தூண்டல் மோட்டார் 3000ஐத் தாண்டவே முடியாது. மிக்ஸியோ 18,000 அளவில் ஓடுகிறது, ஏனென்றால் அதில் கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் இருக்கின்றன; அதன் ரோட்டாரிலும் கம்பி சுற்றி நேராகக் கரண்டு கொடுக்கிறோம். சீலிங் ஃபேன் கட்டுப்படும், ஆனால் முரண்டு பிடிக்கும்: 28 ஸ்லாட்டில் 14 போல் கட்டினால் 428 வர வேண்டும், அது நானூற்றுக்குக் கீழேயே சுற்றும். ரெகுலேட்டரைத் திருப்பும்போது நாம் போலையும் மாற்றுவதில்லை, அதிர்வெண்ணையும் மாற்றுவதில்லை, ஸ்லிப்பைத்தான் கூட்டுகிறோம்.

ஒருமுறை துறைமுகம் வழியாக வந்த பழைய இயந்திரம் ஒன்றின் மோட்டாரைக் கொண்டுவந்தேன். பிளேட்டில் 1725. எந்தப் படியிலும் சேராத எண். நீங்கள் பிளேட்டைத் துடைக்கக்கூட இல்லை. "அமெரிக்காக்காரன் மோட்டாருங்க. அங்க ஏழாயிரத்து எரநூறு" என்றீர்கள். 7200ஐ நாலால் வகுத்தால் 1800. அதில் 75 ஸ்லிப். இங்கே போட்டால் 1440க்குப் பக்கத்தில் ஓடும், வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் இரும்பு சூடேறும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகியதும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்ததும் இந்த ஊர் பெருமையோடு சொல்லும் கதைகள். அந்த மோட்டார்கள் எரிந்தபோது திரும்பக் கட்டியவர்களின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த உங்கள் நீளநோட்டில் ஒவ்வொரு மோட்டாருக்கும் எச்.பி., ஸ்லாட், பிட்ச், கேஜ், சுற்று எண்ணிக்கை என்று வரிசையாக இருக்கிறதே, அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். வாடிக்கையாளர் பெயர் வரும் பத்தியை மறைத்துவிடுகிறேன்.

இன்னொன்று. எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு இரட்டை வேக மோட்டார் வந்திருக்கிறது, பிளேட் இருக்கிறது: 1420, 700. ஒரே வைண்டிங்கில் பாதிக் காயில் குழுக்களின் கரண்டுத் திசையைத் திருப்பி நாலு போலை எட்டாக்கும் டாலாண்டர் இணைப்பு என்று நினைக்கிறேன். டெர்மினல் பாக்சில் ஆறு முனைகள். மெதுவேகத்தில் மட்டும் உறுமுகிறது, அம்மீட்டர் முள்ளும் சீராக முன்னும் பின்னும் ஆடுகிறது. வேகமான பக்கத்தில் அந்த ஆட்டம் இல்லை, ஆகவே ரோட்டார் கம்பி உடைந்ததாக இருக்காது, வைண்டிங் பக்கம்தான் ஏதோ என்பது என் கணிப்பு. வெள்ளிக்கிழமை மதியம் மாணவர்கள் நாலைந்து பேரோடு டெம்போவில் ஏற்றிவருகிறேன். பிரித்துப் பார்க்கும்வரை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். முதலில் அவர்கள் சொல்லட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி